வீதியை வரைந்த பென்சில்

ஓர் அரசர் எந்த ஆண்டில் முடிசூடினார், எந்தப் போரில் வென்றார் என்பதைக் கல்வெட்டுகளும் அரசு ஆவணங்களும் சொல்லிவிடும். அதே காலத்தில் தெருமுனையில் உணவு விற்றவர் தம் அடுப்பை எதில் வைத்துச் சுமந்தார், முடிதிருத்துபவர் எப்படி நின்று வேலை செய்தார், படகோட்டிய தாய் தம் குழந்தையை எங்கே கட்டிக்கொண்டார் என்பவற்றை அவை சொல்வதில்லை. நாள்தோறும் கண்ணில் படுபவை என்பதாலேயே அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என்று பலருக்கும் தோன்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்சீனக் கடற்கரையில் வாழ்ந்த எளிய மக்களைப் பொறுத்தவரை, இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்து வைத்தவர் ஓர் ஆங்கிலேய ஓவியர். அவர் பெயர் ஜார்ஜ் சின்னரி.

லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி

சின்னரி 1774ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். அவருடைய தாத்தாவும் தந்தையும் அழகிய கையெழுத்துக் கலையைக் கற்பித்தவர்கள். எழுதுகோலைப் பிடிக்கும் திறன் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்தது எனலாம். லண்டனில் உள்ள அரச கலைக்கழகத்தின் பள்ளியில் ஓவியம் பயின்ற சின்னரி, பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கேயே திருமணமும் செய்துகொண்டார்.

1802ஆம் ஆண்டு அவர் கப்பலேறி இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவருடைய அண்ணன் அப்போது சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்து வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சென்னையை அடைந்த சின்னரி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். வசதி படைத்த ஆங்கிலேயர்களின் உருவப்படங்களை வரைந்து பொருளீட்டினார். அதே வேளையில், உள்ளூர் மக்களும் கடலோரக் காட்சிகளும் அவர் கண்ணைக் கவர்ந்தன. கட்டணம் வாங்கிக்கொண்டு செல்வந்தரை வரைவது, கட்டணம் ஏதுமின்றித் தெருவில் காண்போரை வரைவது என இரண்டு வழக்கங்களும் அவரிடம் சேர்ந்தே வளர்ந்தன. சீனத் தெருக்களைப் பிற்காலத்தில் அவர் அவ்வளவு விரைவாக வரைவதற்குச் சென்னைக் கடற்கரை ஒரு பயிற்சிக்களமாக அமைந்தது.

1807ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்குப் புகழும் வருவாயும் பெருகின. ஆனால், வரவுக்கு மிஞ்சிய செலவு அவரைக் கடனில் ஆழ்த்தியது. கடன் கொடுத்தவர்களின் நெருக்கடி தாங்காமல், அருகில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செராம்பூருக்குச் சென்று தங்கினார். இறுதியில், 1825ஆம் ஆண்டு மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்து மக்காவ் நகருக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதன்பின் அவர் இந்தியாவுக்கும் திரும்பவில்லை, தாய்நாட்டுக்கும் திரும்பவில்லை.

இரு உலகங்கள் சந்தித்த ஊர்

மக்காவ், தென்சீனாவின் முத்தாற்று முகத்துவாரத்தில் அமைந்த சிறிய தீபகற்பம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து போர்த்துகீசியர் அங்குக் குடியேறி வாழ்ந்து வந்தனர். தேவாலயங்களும் வெள்ளையடித்த மாளிகைகளும் ஒரு புறம் நிற்க, சீனக் கோயில்களும் நெருக்கமான கடைத்தெருக்களும் மறுபுறம் இருந்தன.

அக்காலத்தில் மேலைநாட்டு வணிகர்கள் சீனாவில் நினைத்த இடத்திலெல்லாம் வணிகம் செய்ய இயலாது. கேண்டன் என்னும் ஒரு துறைமுகத்தில் மட்டுமே அவர்களுக்கு அனுமதி இருந்தது. அதுவும் வணிகப் பருவத்தில் மட்டுமே அவர்கள் அங்குத் தங்கலாம். மேலைநாட்டுப் பெண்கள் அங்குச் செல்லவே கூடாது. எனவே வணிகர்களின் குடும்பங்கள் மக்காவில் வாழ்ந்தன. பருவம் முடிந்ததும் வணிகர்களும் அங்கேயே வந்து தங்கினர். உருவப்படம் வரைந்து பிழைக்கும் ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. வாடிக்கையாளர்களுக்குக் குறைவில்லை, வீட்டுக் கதவைத் திறந்தால் வரைவதற்கு ஒரு தெரு முழுவதும் காத்திருந்தது.

விடியலில் தொடங்கிய வேலை

சின்னரி காலை உணவுக்கு முன்பே குறிப்பேட்டுடன் வெளியே கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் வெயில் சாய்வாக விழும். நிழல்கள் நீளமாகத் தெரியும். அப்போதுதான் தெருவும் விழித்தெழும். சந்தைக்குச் சுமை கொண்டு செல்வோர், கடை விரிப்போர், கரைக்கு வரும் படகுகள் என எல்லாமே அவர் பார்வைக்கு விருந்தாயின.

முதலில் பென்சிலால் விரைவாக வரைவார். பிறகு, தேவையான கோடுகளின் மீது பேனாவால் மை தீட்டி உறுதிப்படுத்துவார். ஒரே தாளில் ஒரே மனிதரின் பல நிலைகள் இருக்கும். குந்தியிருக்கும் ஒருவரை முன்னிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, முதுகுப்புறமாக ஒருமுறை என வரைந்திருப்பார். சில இடங்களில் ஒரு கை மட்டும் இருக்கும். சில இடங்களில் தொப்பியும் தோளும் மட்டும் இருக்கும். இவை சுவரில் மாட்டுவதற்காக வரைந்தவை அல்ல. பின்னாளில் பெரிய ஓவியம் தீட்டும்போது எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதற்காகச் சேர்த்து வைத்தவை. அதனால்தான் அவற்றில் பகட்டு இல்லை. எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை அறியும் ஆர்வம் மட்டுமே அவற்றில் தெரிகிறது.

தாளில் பதிந்த தொழில்கள்

சின்னரி விரும்பி வரைந்தவர்களுள் தெருவோர முடிதிருத்துநரும் ஒருவர். சிங் அரச மரபின் ஆட்சியில், சீன ஆண்கள் தலையின் முன்பகுதியை மழித்துப் பின்புறக் கூந்தலை நீண்ட சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆகவே, செல்வர் முதல் சுமைகூலி வரை அனைவருக்கும் முடிதிருத்துநர் தேவைப்பட்டார். அவர் கடை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கடையே அவருடைய தோளில் ஏறிப் பயணம் செய்தது. நீண்ட காவுதடியின் ஒரு முனையில் வெந்நீர்ப் பாத்திரமும் அதைச் சூடாக்கும் சிறிய அடுப்பும் தொங்கும். மறுமுனையில் இழுப்பறைகள் கொண்ட முக்காலி தொங்கும். கத்தியும் சீப்பும் இழுப்பறையில் இருக்கும்; வாடிக்கையாளர் அதன்மேல் அமர்வார். தலையை மழிப்பது, சடையை அவிழ்த்துச் சீவிப் பின்னுவது, காதைத் தூய்மை செய்வது ஆகிய எல்லாமே தெருவோரத்தில் நடக்கும்.

இந்தக் காவுதடியிலிருந்து சீனத்தில் ஒரு பழமொழியே பிறந்துள்ளது. ஒருவர் மட்டும் ஆர்வம் காட்ட, மற்றவர் கண்டுகொள்ளாமல் இருந்தால், 'முடிதிருத்துநரின் சுமையில் ஒரு பக்கம்தான் சூடு' என்பார்கள். அடுப்பு ஒரு முனையில் மட்டுமே இருந்ததை அறிந்தவருக்குத்தான் இப்பழமொழியின் சுவை விளங்கும்.

கொல்லர்களையும் சின்னரி பலமுறை வரைந்துள்ளார். சீனக் கொல்லர் தோல் துருத்தியை நம்பியிருக்கவில்லை. அவரிடம் நீண்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியைத் தள்ளினாலும் காற்று வரும். இழுத்தாலும் காற்று வரும். அதனால் உலையின் நெருப்பு இடைவெளியின்றிக் கொழுந்துவிட்டு எரிந்தது. ஒருவர் பெட்டியை இயக்க, மற்றொருவர் சுத்தியலை ஓங்கும் காட்சி ஓவியருக்கு மிகவும் பிடித்த ஒன்று. வளைந்த முதுகு, இறுகிய தோள், ஊன்றிய கால் ஆகியவற்றை ஒருசில கோடுகளிலேயே அவர் காட்டிவிடுவார்.

உணவு விற்போரும் காவுதடியில்தான் தம் கடையைச் சுமந்தனர். ஒரு முனையில் அடுப்பும் பானையும் இருக்கும். மறுமுனையில் கிண்ணங்களும் சமையல் பொருள்களும் இருக்கும். நிழலான ஓர் இடத்தில் சுமையை இறக்கினால் போதும். அந்த இடமே உணவகமாகிவிடும். வாடிக்கையாளர்கள் சுற்றிலும் குந்தி அமர்ந்து, கிண்ணத்தை வாயருகே பிடித்துக் குச்சிகளால் உண்பார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் மூத்தோர் பலருக்கு இக்காட்சி புதிதன்று. தோளில் கடையைச் சுமந்து வந்த அங்காடி வியாபாரிகளை அவர்கள் தம் இளமைக் காலத்தில் கண்டிருப்பர். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் சுமந்து விற்ற சோறு, சுமக்கும் தடியின் மலாய்ப் பெயராலேயே 'நாசி கண்டார்' என்று இன்றும் வழங்குகிறது.

தெருவில் சூதாடுவோர், பேரம் பேசுவோர், நடைபாதையில் படுத்துறங்குவோர், பன்றிகள், ஆடுகள் என அவருடைய பென்சில் எவரையும் எதையும் ஒதுக்கவில்லை.

நீரில் வாழ்ந்த பெண்கள்

மக்காவ் கடற்கரையில் நீர் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் தொலைவில் நின்றன. பயணிகளைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டு வந்தவை சிறு படகுகளே. மூங்கில் பாயால் வளைவாகக் கூரை வேய்ந்த அப்படகுகளைப் பெரும்பாலும் பெண்களே ஓட்டினர். அவர்கள் 'தங்கா' என்று அழைக்கப்பட்ட படகுவாழ் மக்களைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் பிறப்பது, சமைப்பது, உறங்குவது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் படகிலேயே நடந்தன. கரையில் வாழ்ந்தவர்கள் அவர்களைத் தாழ்வாகவே நோக்கினர். 'தங்கா' என்னும் பெயரையே இழிவாகக் கருதி, இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தங்களை 'நீர்மேல் வாழ்வோர்' என்று அழைத்துக்கொள்ள விரும்புகின்றனர்.

சின்னரியின் படைப்புகளில் இப்பெண்கள் தனியிடம் பெற்றுள்ளனர். தலையில் சிவப்புத் துணி, நீல நிறச் சட்டை, வெறும் கால்கள் ஆகியவற்றுடன் அவர்கள் நிமிர்ந்து நிற்கின்றனர். அக்காலச் சீனாவில் பெண்களின் பாதங்களைச் சிறுவயதிலேயே இறுகக் கட்டிக் குறுக்கும் வழக்கம் பரவியிருந்தது. படகில் நின்று துடுப்பு வலிக்கும் பெண்கள் அவ்வாறு செய்துகொள்ளவில்லை. முதுகில் துணியால் குழந்தையைக் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் துடுப்பைப் பிடித்திருக்கும் தாயை அவர் மீண்டும் மீண்டும் வரைந்துள்ளார். கடலுக்குப் பயன்படாத பழைய படகுகளைக் கரையில் தூக்கி நிறுத்தி, வீடாக்கிக்கொண்ட குடும்பங்களையும் அவருடைய ஓவியங்களில் காணலாம்.

ஓவியத்துக்குள் ஒரு புதிர்

சின்னரியின் தாள்களில் படங்களுக்கு அருகே விந்தையான வளைகோடுகளும் புள்ளிகளும் காணப்படுகின்றன. முதல் பார்வையில் அவை கிறுக்கல்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை சுருக்கெழுத்து. கர்னி என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசுவதை உடனுக்குடன் எழுத அம்முறை பயன்பட்டது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இளமையில் செய்தியாளராகப் பணியாற்றக் கற்றுக்கொண்டதும் அதே முறைதான்.

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அக்குறிப்புகளைப் பொறுமையுடன் படித்து விடுவித்தனர். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, துணி என்ன நிறம், வரைந்த உருவத்தின் அளவு சரியாக உள்ளதா என்பன போன்றவற்றை ஓவியர் தமக்குத் தாமே நினைவூட்டிக்கொண்டிருந்தார். வரைந்த நாளையும் பல தாள்களில் குறித்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்து, புகழ்பெற்ற ஓவியராக விளங்கிய பிறகும், தம் கோடு சரியா தவறா என்று அவர் ஒவ்வொரு நாளும் தம்மையே சோதித்துக்கொண்டார் என்பதை இக்குறிப்புகள் காட்டுகின்றன.

பெயர் உள்ளோரும் பெயர் இல்லாதோரும்

சின்னரிக்கு வருவாய் தந்தது தெரு அன்று. மேலைநாட்டு வணிகர்களும் கேண்டனின் சீனப் பெருவணிகர்களும் அவரிடம் தம் உருவப்படங்களை வரையச் செய்தனர். அக்காலத்தின் மாபெரும் சீனச் செல்வராகிய ஹௌகுவா அவர்களுள் ஒருவர். ஸ்காட்லாந்து வணிகரான வில்லியம் ஜார்டின் மற்றொருவர். ஜார்டின் போன்றோரின் செல்வத்தில் பெரும்பங்கு அபினி வணிகத்தால் வந்தது. இந்தியாவில் விளைந்த அபினி, சீன அரசின் தடையை மீறி அந்நாட்டுக்குள் நுழைந்து எண்ணற்ற குடும்பங்களைச் சீரழித்தது. அதன் விளைவாக 1839 முதல் 1842 வரை பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. போரின் முடிவில் ஹாங்காங் பிரிட்டனின் கைக்குச் சென்றது.

இந்தப் பின்னணியில் சின்னரியின் படைப்புகளைப் பார்க்கும்போது ஓர் உண்மை மனத்தை உறுத்துகிறது. கட்டணம் கொடுத்தவர்களின் பெயர்கள் ஓவியத்துடன் நிலைத்துவிட்டன. அவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன வணிகம் செய்தார்கள் என்பவற்றை எளிதில் அறியலாம். தெருவில் வரையப்பெற்ற முடிதிருத்துநர், கொல்லர், படகோட்டிகள் ஆகியோருள் பெரும்பாலோரின் பெயர்களை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் அத்தாள்களில் இல்லை. ஓர் அயல்நாட்டவர் வெளியிலிருந்து பார்த்த பார்வையே அவற்றில் உள்ளது.

ஆயினும், அந்தப் பார்வையில் ஏளனம் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தொலைதூர நாட்டு மக்களை வேடிக்கைப் பொருளாக வரைந்து விற்ற ஓவியர்கள் அக்காலத்தில் இருந்தனர். சின்னரியின் தாள்களில் உள்ளவர்களோ எவருக்காகவும் காட்சி தரவில்லை. அவர்கள் தம் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள், உண்கிறார்கள், களைத்து அமர்ந்திருக்கிறார்கள். பெயரைக் கேட்க மறந்த ஓவியர், அவர்கள் சுத்தியலைப் பிடித்த விதத்தைச் சரியாக வரையாமல் விட்டதில்லை.

சீன ஓவியர் ஒருவரின் கையில்

சின்னரியின் பாணி சீன ஓவியர்களையும் ஈர்த்தது. அவர்களுள் தலைசிறந்தவர் கேண்டனில் ஓவியக்கூடம் நடத்திய லாம்குவா. தாம் சின்னரியிடம் பயின்றதாக லாம்குவா கூறிவந்தார். சின்னரி அதை ஏற்கவில்லை. மேலைநாட்டு முறையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த லாம்குவா, குறைந்த கட்டணம் வாங்கியதால் சின்னரிக்கே போட்டியாளர் ஆனார்.

1830களில் பீட்டர் பார்க்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் கேண்டனில் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அங்குச் சிகிச்சைக்கு வந்த சீன நோயாளிகளின் உருவங்களை லாம்குவா வரைந்து கொடுத்தார். பெரிய கட்டிகளால் துன்புற்ற அந்த எளிய மக்களை, செல்வந்தரை வரையும் அதே கவனத்துடன் அவர் வரைந்தார். அப்படங்கள் இன்று மருத்துவ வரலாற்றின் அரிய சான்றுகளாக விளங்குகின்றன.

எஞ்சி நிற்கும் கோடுகள்

சின்னரி 1852ஆம் ஆண்டு, தமது எழுபத்தெட்டாம் வயதில் மக்காவில் காலமானார். அந்நகரின் பழைய சீர்திருத்தக் கிறித்துவர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார். ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட அங்குத் திரும்பிச் செல்லவில்லை.

அவர் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நிழற்படக் கலை மக்காவை எட்டிவிட்டது. 1844ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஜூல் இத்தியே அங்கு நிழற்படங்கள் எடுத்தார். எனினும், தொடக்கக் காலக் கருவிகளுக்கு நீண்ட நேரம் தேவைப்பட்டது. அசையாத கட்டடங்கள் தெளிவாகப் பதிந்தன; நடமாடும் மனிதர்கள் மங்கிப்போயினர் அல்லது பதியவே இல்லை. ஓங்கிய சுத்தியலையும், துடுப்பு வலிக்கும் கையையும் பிடித்து நிறுத்த அன்று பென்சிலால் மட்டுமே முடிந்தது.

மக்காவில் இன்று வானளாவிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. சின்னரி வரைந்த கடற்கரையின் பெரும்பகுதி மண்ணிட்டு நிரப்பப்பட்டு மாறிவிட்டது. அவர் 1834இல் வரைந்த புனித பவுல் தேவாலயம் மறு ஆண்டே தீக்கிரையானது. அதன் முகப்புச் சுவர் மட்டும் இன்று சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறது. சடை பின்னிய முடிதிருத்துநரும் காற்றுப்பெட்டிக் கொல்லரும் தெருவை விட்டு மறைந்துவிட்டனர். லண்டன், ஹாங்காங், மக்காவ் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ள தாள்களில் மட்டும் அவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றாய்வாளர்கள் அத்தாள்களை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆராய்கின்றனர். அடுப்பின் அமைப்பு, கூடையின் பின்னல், தொப்பியின் வடிவம் ஆகிய ஒவ்வொன்றும் அவர்களுக்குச் செய்தி சொல்கிறது. தேநீர் கலக்குபவர், காய்கறி விற்பவர், காலணி தைப்பவர், குப்பை அள்ளுபவர் என ஒவ்வொரு காலத்திலும் ஓர் ஊரைத் தாங்கி நிற்போர் பலர். அவர்களை நின்று கவனித்துப் பதிவு செய்பவர் இருந்தால்தான் அடுத்த தலைமுறை அவர்களை அறிய இயலும். பதிவு செய்யும்போது அவர்களின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது, சின்னரி செய்யத் தவறிய ஒரு கடமையை நிறைவேற்றுவதாகும்.

சிந்தித்து விடை கூறுக

1. சென்னையில் வாழ்ந்த காலம் சின்னரியின் பிற்காலப் பணிக்கு எவ்வாறு உதவியது?

2. 'முடிதிருத்துநரின் சுமையில் ஒரு பக்கம்தான் சூடு' என்னும் சீனப் பழமொழியின் பொருளை விளக்குக. இதே கருத்தை உணர்த்தும் தமிழ்ப் பழமொழி அல்லது மரபுத்தொடர் ஒன்றைக் கூறுக.

3. சின்னரியின் படைப்புகளில் பெயர் உள்ளோர் யாவர்? பெயர் இல்லாதோர் யாவர்? இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்?

4. தொடக்கக் கால நிழற்படத்தால் செய்ய இயலாத எதனைப் பென்சில் ஓவியம் செய்தது?

5. உம் வட்டாரத்தில் மறைந்துவரும் தெருவோரத் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அத்தொழிலைச் செய்பவரைச் சந்தித்து, அவர் பெயர், பயன்படுத்தும் கருவிகள், வேலை செய்யும் முறை ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.